பதினாறில் நின்றது

எங்கள் ஊர் ஜிம்மில் பெண்களுக்கான நேரம் மதியம் இரண்டிலிருந்து நாலு வரை. எந்தப் புண்ணியவான் இந்த நேரத்தைக் கண்டுபிடித்தானோ தெரியாது. செஞ்சி வெயிலில் நாய்கூடத் தெருவில் இறங்காத நேரம் அது. கீழே கம்பி, சிமெண்ட் விற்கிற கடை. அதன் மாடியில் தகரக் கூரை போட்ட ஜிம். ஆண்கள் விடியலில் வருவார்கள், சாயங்காலம் வருவார்கள். அவர்களுக்கு வேண்டாத நேரம் எங்களுக்கு. 'எங்களுக்கு' என்று பன்மையில் சொல்கிறேனே தவிர, வந்துகொண்டிருந்தது நான் ஒருத்திதான். ஓனர் தம்பி சாவியைக் கீழே கடையில் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்.

எனக்கு நாற்பத்தொரு வயது. வீட்டிலிருந்தபடியே மெடிக்கல் கோடிங் வேலை செய்கிறேன். அமெரிக்காவில் யாருக்கோ வந்த வியாதியைப் பற்றி டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து, அந்த வியாதிக்கு என்று இருக்கிற குறியீட்டைத் தேடிப் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் குறியீடு உண்டு. முதுகு வலிக்கு உண்டு, வாத்து கடித்தால் அதற்கும் உண்டு. காலை ஆறு மணிக்கு உட்கார்ந்தால் மதியம்தான் எழுந்திருப்பேன். கல்யாணம் ஏழு வருஷம் ஓடி நின்றுபோனது. அம்மாவும் நைனாவும் ஊர்க் கல்லறையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். தம்பி புதுச்சேரியில். நான் இங்கே ஒரு மாடி போர்ஷனில். பால்காரர்கூட கேட்டில் மாட்டியிருக்கிற பையில் பாக்கெட்டைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு பிடித்துக்கொண்டபோது டாக்டரம்மா, "மாத்திரை வேண்டாம், எடை தூக்குங்க" என்றார். அப்படித்தான் ஜிம்முக்குப் போனேன்.

நான் செய்தது டெட்லிஃப்ட். தரையில் கிடக்கிற இரும்புக் கம்பியைக் குனிந்து பிடித்து, முதுகை வளைக்காமல் தூக்கி நிமிர்ந்து நின்று, மறுபடி தரையில் வைக்க வேண்டும். அவ்வளவுதான். அதிக எடையை நாலைந்து தடவை தூக்குவது ஒரு வழி. நடுத்தரமான எடையை விடாமல் இருபது தடவை தூக்குவது இன்னொரு வழி. நான் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டேன். செவ்வாய், வெள்ளி என்று வாரத்தில் இரண்டு நாள், ஒரே ஒரு சுற்று. இருபதும் முடிந்தால் அடுத்த வாரம் இரண்டரை கிலோ கூடும். முதல் பத்து மரியாதையாகப் போகும். அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் நடுவில் கம்பியைப் பிடித்தபடியே நின்று மூன்று மூச்சு வாங்க வேண்டும். பதினைந்துக்கு மேல் ஐந்து மூச்சு. காதில் இரைச்சல், கண்ணில் பூச்சி பறக்கும், தொடை தன்னால் ஆடும். அந்த நேரத்தில் தூக்குவதைவிடக் கஷ்டம் எண்ணுவது. பதிமூன்றா பதினாலா என்று சத்தியமாகத் தெரியாது. எங்கள் வீட்டில் ஜெபமாலை சொல்லும்போது ஐம்பதும் தப்பாது, விரலில் மணி உருளும். கம்பியில் மணியா இருக்கிறது?

ஒரு நாள் பாதியில் நின்று, "எத்தன ஆச்சு, கருமம்!" என்று வாய்விட்டுக் கத்தினேன். யாரும் இல்லை என்ற தைரியம்தான். பின்னால் மாப் போடுகிற சத்தம் நின்றது.

"பதினொண்ணு" என்றது ஒரு குரல்.

ஜிம்மைத் துடைக்க வருகிற அக்கா. ஐம்பதைத் தாண்டியிருப்பாள். சிங்கவரத்திலிருந்து பஸ்ஸில் வந்து, காலையில் இரண்டு கடை துடைத்துவிட்டு, கடைசியாக இங்கே வருவாள். ஒரு மாதமாக ஒரே கூரையின் கீழ் இருந்திருக்கிறோம், தலையை ஆட்டிக்கொண்டதோடு சரி.

"நீ எண்ணுறியாக்கா?"

"நீ கம்பிய கீழ வெக்கிற சத்தம் கேக்குதில்ல. காது அதுபாட்டுக்கு எண்ணுது. நான் இன்னா பண்ணட்டும்?"

அடுத்த தடவையிலிருந்து அவளேதான் எண்ணினாள். மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, பெஞ்சில் ஒரு காலை மடக்கிக் குந்திக்கொள்வாள். முதல் தடவைக்கு ஒன்று என்று சொல்லமாட்டாள். "லாபம்" என்பாள். களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை அப்படித்தான் சொல்வார்கள், அது எனக்கும் தெரியும். அடுத்ததுதான் எனக்குப் புதுசு. ஓர் எண்ணைச் சொன்னால், நான் அடுத்த தடவை தூக்குகிற வரைக்கும் அதையே விடாமல் சொல்லிக்கொண்டிருப்பாள். "ரெண்டு, ரெண்டு, ரெண்டு." நான் தூக்கியதும், "மூணு, மூணு, மூணு." பதினைந்தில் நின்று ஐந்து மூச்சு வாங்கினால் அந்த ஐந்து மூச்சுக்கும் பதினைந்துதான்.

"எதுக்குக்கா இத்தன வாட்டி சொல்ற?"

"அடுத்த மரக்கா வுழற வரைக்கும் சொன்ன எண்ண வாயிலயே வெச்சிருக்கணும் டீச்சரு. வாய மூடுனா ஓடிடும்."

கண்ணாடி போட்ட பொம்பளை எல்லாம் அவளுக்கு டீச்சர். நான் டீச்சர் இல்லை என்று மூன்று தடவை சொன்னேன். "சரி டீச்சரு" என்றாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, நான் முடித்துவிட்டு ரப்பர் பாயில் மல்லாந்து கிடந்தபோது ஒரு கதை சொன்னாள். கல்யாணமாகி மறு வருஷம் அவள் வீட்டுக்காரர் களத்தில் நெல் அளக்க, இவள் எண்ணிக்கொண்டிருந்தாளாம். முப்பத்தொன்றாவது மரக்காலில் அவருக்கும் அவர் அண்ணனுக்கும் பங்கில் தகராறு. மரக்காலை வீசிவிட்டுச் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அரை மணி நேரம் நடந்த சண்டையில் இவள் போய் மாட்டுக்குத் தண்ணி காட்டினாள், அழுத பிள்ளைக்குப் பால் கொடுத்தாள், வாய் மட்டும் முப்பத்தொன்றை விடவில்லை. ஓய்ந்து வந்தவர்கள் எத்தனை ஆச்சு என்று தெரியாமல் மறுபடி கட்டிப் புரளப் பார்த்தபோது, "முப்பத்தொண்ணு, அளங்க" என்றாளாம்.

"சோறு துன்னும்போதும் சொல்லுவியா?"

"துன்னும்போது மனசுக்குள்ள. அளக்குறவன் பாதில வுடலாம் டீச்சரு, கோச்சிக்கினு எழுந்து பூடலாம். எண்ணுறவ வுடக்கூடாது."

எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு பிடித்துக்கொண்டது. இருபது டெட்லிஃப்ட் முடித்த வயிற்றைச் சிரிக்க வைப்பது பாவம்.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்த மாதங்களில் ஒரு மனுஷக் குரல் எனக்காகவே பேசியது அந்த இருபது எண்கள் மட்டும்தான். போனில் பேசுகிறவர்கள் வேலைக்காகப் பேசினார்கள். கடையில் பேசுகிறவர்கள் சில்லறைக்காகப் பேசினார்கள். அக்கா மட்டும் நான் மூச்சு வாங்கி முடிகிற வரைக்கும் என் எண்ணை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அதற்காகத்தான் போனேன். முதுகெல்லாம் ஒரு சாக்கு. அமாவாசை செவ்வாயிலோ வெள்ளியிலோ வந்துவிட்டால் அக்கா மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு எலுமிச்சம்பழம் விற்கப் போய்விடுவாள். தெருவில் ஸ்பெஷல் பஸ்கள் ஆரன் அடித்துக்கொண்டு போகும். அன்றைக்கு நான் ஜிம்முக்கே போகமாட்டேன். காலண்டரில் அமாவாசையைப் பார்த்து எரிச்சல்படுகிற கிறிஸ்தவப் பொம்பளை இந்தத் தாலுகாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இருபது தடவை தூக்கிய பிறகு உடம்பு தேறுவதற்கு இரண்டு முழு நாள் வேண்டும். முதல் நாள் ஒன்றும் தெரியாது. இரண்டாம் நாள்தான் தொடை கல்லாகிவிடும், மாடிப் படி ஒவ்வொன்றும் கைப்பிடியைக் கேட்கும். வேர்க்கடலை அவித்துத் தின்பேன், இரண்டு முட்டை, மோர், ஒன்பது மணிக்குப் படுக்கை. தொடைக்கும் காலுக்கும் தைலம் நானே போட்டுக்கொள்வேன். முதுகில், இடுப்புக்கு ஒரு சாண் மேலே, ஓர் இடம் இருக்கிறது. மேலிருந்து போகிற கையும் எட்டாது, கீழிருந்து போகிற கையும் எட்டாது. தோசைக் கரண்டியில் துணி சுற்றி, அதில் தைலத்தை ஊற்றி, முதுகுப் பக்கம் விட்டுத் தேய்த்துக்கொள்வேன். அன்றைக்குச் சுடுகிற தோசையில் யூகலிப்டஸ் வாசனை அடிக்கும். இதைச் சொன்னபோது அக்கா சிரிக்கவில்லை.

"கொண்டாந்து குடு. நான் தேய்ச்சி வுடறேன்."

"வேணாம்க்கா" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். என் முதுகை இன்னொரு கை தொட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. தொட்டால் அழுதுவிடுவேனோ என்று பயம்.

முப்பது கிலோவில் ஆரம்பித்தது அறுபதுக்கு வந்தது. அறுபதை இருபது தடவை தூக்க வேண்டிய அந்த வெள்ளிக்கிழமை, கிளம்புவதற்கு முன்னால் போனில் தம்பி வைத்திருந்த ஸ்டேட்டஸைப் பார்த்துத் தொலைத்தேன். அவன் மகளுக்குப் புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். வெள்ளை கவுன், தலையில் முக்காடு, கையில் மெழுகுவத்தி. சுற்றி எல்லாச் சொந்தமும் நிற்கிறது. எதிர்வீட்டு ஆன்ட்டி நிற்கிறாள். அத்தைக்காரி எனக்கு ஒரு போன் இல்லை. புருஷனை விட்டு வந்தவள் நல்ல காரியத்தில் முன்னால் நிற்கக் கூடாது என்று அவன் மாமியார் வீட்டில் ஒரு முறை சொன்னது என் காதுக்கு வந்திருந்தது. அவன் அதற்குத் தலையை ஆட்டியிருக்கிறான் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

போனைப் பைக்குள் திணித்துக்கொண்டு போய்க் கம்பியைப் பிடித்தேன். கோபத்தில் பத்து வரைக்கும் பறந்தது. பன்னிரண்டில் கனம் தெரிந்தது. பதினாறில் நின்றேன். மூச்சு கிடைக்கவில்லை. கண்ணுக்குள் அந்த வெள்ளை கவுன். காதில், "பதினாறு, பதினாறு, பதினாறு."

கம்பியைத் தொப்பென்று போட்டேன். கட்டடமே அதிர்ந்தது. கீழே கடைக்காரர் ஏதோ கத்தினார்.

"ஒரு வாட்டி சொன்னா போதாதா? ஈ மாதிரி காதுகிட்டயே! நான் இன்னா நெல்லு மூட்டையா? துடைக்க வந்தா துடைச்சிட்டுப் போவ வேண்டியதுதான!"

அக்கா மடக்கியிருந்த காலை மெதுவாகக் கீழே இறக்கினாள். எழுந்து மாப்பை எடுத்தாள்.

"சரிங்க மேடம்" என்றாள்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு அந்த மட்டான புத்திகூட அன்றைக்கு இல்லை. புதுச்சேரியில் கேட்க வேண்டியதை இங்கே கேட்டேன். அவனிடம் கேட்க தைரியம் இல்லை, இவளிடம் இருந்தது. துடைக்கிறவள்தானே என்கிற தைரியம் அது. என் அம்மா களை வெட்டித்தான் என்னைப் படிக்க வைத்தாள். அம்மா இருந்திருந்தால் அந்த இடத்திலேயே என் வாயில் ஒன்று போட்டிருப்பாள்.

அதற்குப் பிறகு அக்கா தன் நேரத்தை மாற்றிக்கொண்டாள். நான் இரண்டு மணிக்குப் போகும்போது தரை துடைத்து ஈரமாக இருக்கும், ஆள் இருக்காது. அரை மணி முன்னால் கிளம்பிப் போனால் பார்த்துவிடலாம். மன்னிச்சுக்கோக்கா என்று சொல்லிவிடலாம். நான் கிளம்பவில்லை. அவளாக வரட்டும் என்று இருந்தேன். எதற்கு அவள் வர வேண்டும் என்று என்னை நானே கேட்டுக்கொள்ளவும் இல்லை. மூன்று வாரம் அந்த ஈரத் தரையில் என் செருப்புத் தடம் மட்டும் விழுந்தது.

தனியாக எண்ணினேன். வாய்விட்டு எண்ணினால் மூச்சு போகிறது, மனதுக்குள் எண்ணினால் எண் போகிறது. மூன்றாவது வாரம், அதே அறுபது கிலோ. பன்னிரண்டா பதினைந்தா என்று குழம்பிவிட்டது. சரி, பன்னிரண்டு என்றே வைத்துக்கொள்வோம், ஏமாற்றியதாக இருக்க வேண்டாம் என்று நினைத்தேன். யாரை ஏமாற்றப்போகிறேன்? அங்கே யார் இருக்கிறார்கள்? இருந்தாலும் பன்னிரண்டிலிருந்து தூக்கினேன். கடைசி இரண்டு தடவை முதுகு வளைவது எனக்கே தெரிந்தது. தெரிந்தும் தூக்கினேன். இடுப்பில் ஈரத் துணியை முறுக்கிப் பிழிகிற மாதிரி ஏதோ நடந்தது. கம்பி விழுந்தது, நானும் பக்கத்தில் விழுந்தேன்.

எழுந்திருக்க முடியவில்லை. தகரக் கூரை வெயிலில் டப் டப் என்று விரிகிற சத்தம். ஜன்னல் கம்பியில் ஒரு குரங்கு வந்து உட்கார்ந்து, இவளுக்கு என்ன கேடு என்று பார்த்துக்கொண்டிருந்தது. நாலு மணிக்கு ஆண்கள் வந்துவிடுவார்கள் என்கிற பயத்தில் தவழ்ந்தேன். மாடிப் படியில் ஒவ்வொரு படியாக உட்கார்ந்தே இறங்கினேன். ஆட்டோக்காரர் என்னைத் தூக்கி ஏற்றாத குறை.

"கூட யாரும் இல்லியாம்மா?"

"இல்ல" என்றேன். கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். வீடு வரைக்கும் அந்த 'இல்ல' என் கூடவே வந்தது.

ஐந்து நாள் படுக்கை. தைலம் போட வேண்டிய இடம் அதே இடம்தான், இந்தத் தடவை தோசைக் கரண்டியைத் திருப்பக்கூடத் தோள் வளையவில்லை. நாலாம் நாள் லீவு தீர்ந்து, மல்லாந்து படுத்தபடியே லாப்டாப்பை வயிற்றில் வைத்துக்கொண்டு வேலையைத் திறந்தேன். எங்கேயோ ஒரு வயதான பெண். முதுகு பிடிப்பு. குறிப்பின் கடைசியில் டாக்டர், தனியாக வசிக்கிறார் என்று எழுதியிருந்தார். அதற்கும் எங்கள் பட்டியலில் குறியீடு இருக்கிறது. தனியாக வாழ்வதால் வரும் பிரச்சினை என்று தனியாக ஓர் எண். முதுகுக்கு ஒன்றும் தனிமைக்கு ஒன்றுமாக இரண்டையும் போட்டுவிட்டு லாப்டாப்பை மூடி அழுதேன். ஒழுங்காக அழக்கூட முடியவில்லை. குலுங்கினால் முதுகு பிடித்தது.

பிசியோதெரபி பெண் இரண்டு வாரம் எதையும் தொடக் கூடாது என்றாள். அப்புறம் எடைத் தட்டு மாட்டாத வெறும் கம்பி, அதுவும் மூன்று நாலு தடவைக்கு மேல் கூடாது. இரண்டு வாரமும் முடிந்த செவ்வாய்க்கிழமை, ஒன்றேகாலுக்கே வீட்டிலிருந்து கிளம்பினேன். படியேறும்போது மாப் சத்தம் கேட்டது.

அக்கா என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

"அக்கா, அன்னிக்கு நான் பேசனது தப்பு. வேற எங்கயோ இருந்த கோவம். உன் மேல காட்டிட்டேன்."

"கால கொஞ்சம் தூக்குங்க மேடம். ஈரம்."

காலைத் தூக்கினேன். அவள் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். முடிந்தது, இவ்வளவுதான் இது என்று நினைத்துக்கொண்டேன். வந்ததற்குக் கம்பியைத் தொட்டுவிட்டாவது போகலாம் என்று போனேன். தட்டு மாட்டாத கம்பி தரையோடு தரையாகக் கிடக்கும். அவ்வளவு தாழ்வாக என்னால் குனிய முடியாது. அடியில் கல் வைத்து உயர்த்த வேண்டும், கல்லைத் தூக்கவும் குனிய வேண்டும். கம்பியைப் பார்த்தபடி நின்றேன்.

மாப் சத்தம் நின்றது. அக்கா படிக்கட்டுப் பக்கம் போய், கடைக்காரர் அடுக்கி வைத்திருந்த சிமெண்ட் கல்லில் இரண்டை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து போட்டாள். கம்பியின் ஒரு முனையைத் தூக்கி ஒரு கல்லில் வைத்தாள், மறு முனையை இன்னொன்றில் வைத்தாள். போய் மாப்பை எடுத்துக்கொண்டாள்.

வெறும் இருபது கிலோ. முன்பெல்லாம் உடம்பைச் சூடாக்கிக்கொள்வதற்காக விளையாட்டாகத் தூக்குவது. இப்போது இரண்டு தடவை பிடியை மாற்றிப் பிடித்தேன். மூச்சை இழுத்துப் பிடித்துத் தூக்கினேன். நிமிர்ந்தேன். முதுகு பொறுத்துக்கொண்டது.

பின்னாலிருந்து குரல் வந்தது.

"பதினேழு."

எனக்குப் புரியவில்லை. முதல் தடவை, லாபம் என்றல்லவா சொல்ல வேண்டும்? மறந்துவிட்டாளா என்று நினைத்தேன். அவள் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். "பதினேழு, பதினேழு, பதினேழு." அப்போதுதான் அந்த வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது. பதினாறில் போட்டுவிட்டுப் போனவள் நான். நாலு பாக்கி. ஒன்றரை மாதமாக, தரை துடைக்கும்போதும் சிங்கவரம் பஸ்ஸிலும் எலுமிச்சம்பழக் கூடைக்குப் பக்கத்திலும் அவள் அந்தப் பதினாறை விடவில்லை. வாயில் வைத்திருந்தாளோ மனதுக்குள் வைத்திருந்தாளோ, எனக்குத் தெரியாது. நான் வீசிவிட்டுப் போனதை அவள் வைத்திருந்தாள்.

கம்பியைக் கல்லில் இறக்கி மறுபடி தூக்கினேன். "பதினெட்டு, பதினெட்டு." மூச்சு வாங்கினேன். கண்ணில் நீர் வழிந்து மூக்கு நுனியில் நின்றது. இரண்டு கையும் கம்பியில், துடைக்க முடியவில்லை. "பத்தொம்போது, பத்தொம்போது, பத்தொம்போது."

நாலாவது தடவை நிமிர்ந்தேன்.

"இருவது."

இறக்கி வைத்துவிட வேண்டும். நாலுக்கு மேல் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். நான் வைக்கவில்லை. வைக்காத வரைக்கும் அவள் வாயை மூடமாட்டாள் என்று எனக்குத் தெரியும். "இருவது, இருவது, இருவது" என்று அவள் சொல்லச் சொல்ல, வெறும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

"கீழ வெய்யி டீச்சரு" என்றாள் கடைசியில். "வெச்சிட்டு வந்து குந்து. தைலம் கொண்டாந்தியா?"